சாக்குக்குள் கிடந்த பூமி

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. ஆம்பளைகள் இருந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். அஞ்சாம் வகுப்போடு தீப்பெட்டி ஒட்டப் போனவள், பேச்சை எங்கே படித்தேன்? அப்படிப்பட்ட நான்தான் போன பங்குனியில் ஒரு லோடு வண்டியை நிற்கச் சொன்னேன்.

எம். புதுப்பட்டியில் எங்கள் தெருக் கடைசியில் ஒரு தகரக் கொட்டகை உண்டு. சிவகாசி அச்சாபீஸ் ஒன்றிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான அட்டைப் படங்கள் கட்டுக் கட்டாக வந்து இறங்கின. கவரில் போட்டுப் பெட்டி கட்டிக் கொடுக்க வேண்டும். இந்த ஆர்டரைக் கேட்டு வாங்கியவள் என் மருமகள். அதுவரை பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிற அறையில் வேலை பார்த்தாள். அடுத்த அறையில் ஒருநாள் தீப்பிடித்தது. இவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து அவள் வீடு திரும்புகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. இந்த முதல் ஆர்டர் ஒழுங்காகப் போனால் அடுத்தடுத்து எங்களுக்கே வரும். போகாவிட்டால் அவள் மறுபடியும் மருந்து அறைக்குத்தான் போக வேண்டும். பட்டாசுக் கம்பெனிப் போர்மேன் வேறு, வருகிறாயா இல்லையா என்று போன் போட்டுக்கொண்டே இருந்தார்.

அச்சாபீஸ் ஏஜெண்டுத் தம்பி கட்டுகளை இறக்கிவிட்டு அவசரமாகக் கிளம்பினார்.

"ஒண்ணுமில்லக்கா, நவக்கிரக செட்டுதான். கவருக்கு வகைக்கு ஒண்ணு போட்டுருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தெருப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து கட்டுகளைப் பிரித்தோம். எல்லாம் வட்ட வட்டமான அட்டைகள். வகை பார்த்தால் பத்து இருந்தது.

"நவக்கிரகம்னா ஒம்பதுதான? இங்கன பத்துல்ல கெடக்கு" என்றாள் மருமகள்.

எதிர்வீட்டுக்காரி கோயில் காரியமெல்லாம் தெரிந்தவள். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "இந்தா எரியிறாரு, சூரியன். சாம்பலா இருக்கது சந்திரன். செகப்பா இருக்கது செவ்வா. வளையம் போட்டுக்கிட்டு இருக்காரே, அவரு சனி."

"அவருக்கு எதுக்கு வளையம்?" என்று கேட்டாள் மருமகள்.

"ம்… ஒன்னைய மாதிரி ஆளு கிட்ட வந்துறக் கூடாதுன்னுதான்."

எல்லோரும் சிரித்தோம். குரு, சுக்கிரன், புதன் என்று இடம் கிடைத்துவிட்டது. நீலம் பாய்ந்த இரண்டு வட்டுகள் மிச்சம். "ராகு, கேது. சோடியாத்தான இருப்பாக" என்று அதையும் முடித்தாள். பத்தாவது ஒன்று கையில் நின்றது. நீலத்தில் பச்சை திட்டுத் திட்டாக விழுந்து, மேலே வெள்ளை தீற்றினாற்போல் இருந்தது.

"கலர் தள்ளி விழுந்திருக்கு. வேஸ்ட்டு" என்றாள் மருமகள். எங்கள் பக்கம் அச்சுக் கட்டு வந்தால் நடுவில் வேஸ்ட்டும் கலந்து வருவது சகஜம். எனக்கும் அது கெட்டுப்போன அச்சு மாதிரிதான் பட்டது. அந்தக் கட்டுகளைச் சாக்கில் போட்டுச் சுவரோரம் சாய்த்துவிட்டு, மற்ற ஒன்பதையும் கவரில் போட்டு முடித்தோம்.

லோடு எடுக்க வண்டி வந்த அன்றைக்குப் பார்த்துக் குழாயில் நல்ல தண்ணீர் விட்டார்கள். எங்களுக்குப் போர்வெல் தண்ணீர் உப்பு. துவைக்க, துலக்க ஆகும், குடிக்க ஆகாது. நல்ல தண்ணீர் எப்போது வருமென்று சொல்ல முடியாது. குடங்களைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேரும் ஓடிவிட்டார்கள். முழங்கால் வலிக்காரி நான் மட்டும் கொட்டகையில் இருந்தேன்.

டிரைவர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். ஏஜெண்டுத் தம்பி தண்ணீர் பாட்டிலைக் குடித்துவிட்டு என் முன்னால் மேசையில் வைத்தார். பாட்டிலில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். உருண்டையாக, நீலத்தில் பச்சைத் திட்டும் வெள்ளைத் தீற்றலும். சாக்கில் கிடப்பதேதான்.

கடைசிப் பெட்டியும் ஏறிவிட்டது. டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். பாட்டிலை எடுத்துக்கொண்டு ஏஜெண்டுத் தம்பியும் ஏறப் போனார். கேட்கவா வேண்டாமா என்று முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றேன்.

"தம்பி… இது என்ன படம்?"

"இதுவா பெரியம்மா? பூமி. நாம இருக்கோம்ல, அந்த உலகம்."

"வண்டிய நிப்பாட்டச் சொல்லுங்க!" என்று ஒரு சத்தம். என் சத்தம்தான் என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது.

சாக்கை அவிழ்த்துக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "அடப்பாவமே, பூமிய வேஸ்ட்டுல போட்டுட்டீகளா!"

அதற்குள் மருமகளும் மற்றவர்களும் நிறைகுடத்தோடு வந்து சேர்ந்தார்கள். விஷயம் கேட்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. குடத்தை இறக்கக்கூட இல்லை.

"நீங்கதான நவக்கிரகம்னீக?" என்றாள் ஏஜெண்டுத் தம்பியிடம்.

"பேச்சுக்குச் சொன்னதுக்கா. கோயில்ல இருக்கது வேற, இது வேற. சூரியனச் சுத்துற கோள் எட்டு. அதுல மூணாவதா சுத்துறது நம்ம பூமி. அதோட சூரியனும் நெலாவும் சேந்து பத்து."

"அப்ப ராகு, கேது?" எதிர்வீட்டுக்காரி விடவில்லை.

"அது யுரேனஸ், நெப்டியூன்."

"யாரு பெத்த பிள்ளைகளோ!"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அந்த நீலமெல்லாம் என்ன என்று மருமகள் கேட்டாள். முக்கால்வாசிக்குத் தண்ணீர் என்றார்.

"அம்புட்டுத் தண்ணியிருந்தா நாங்க எதுக்குக் குழாயடியில முடியப் பிடிச்சுக்கிட்டு நிக்கோம்?"

"அம்புட்டும் கடலுக்கா, உப்பு. நல்ல தண்ணி கொஞ்சூண்டுதான். அதுலயும் பெரும்பங்கு பனிக்கட்டியா ஒறைஞ்சு கெடக்கு. ஆனா மத்த கோள்ல போயி நீங்க ஒரு குடம்கூடப் பிடிக்க முடியாது."

"அப்ப அங்கனயெல்லாம் நம்ம பிள்ளையக் கட்டிக் குடுக்கக் கூடாது" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

நல்லவேளை, அது மடக்கி ஒட்டுகிற கவர். பிரித்தாலும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். பெட்டிகளை இறக்கி எல்லோருமாக உட்கார்ந்தோம். டிரைவரும் சேர்ந்துகொண்டார். ஏஜெண்டுத் தம்பி கவரைப் பிரித்துப் பிரித்துக் கொடுக்க, நான் ஒவ்வொன்றிலும் பூமியைச் செருகினேன். பொழுது சாய்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

ஏறும்போது அவர் மருமகளிடம், "அடுத்தது மிருகம் செட்டுக்கா. செவ்வாக்கெழம கட்டு வரும். யானை பெருசா இருக்குன்னு எடுத்துப் போட்டுறாதீக" என்றார்.

வண்டி போன பிறகு அவள் கொட்டகை வாசலில் நின்று போர்மேனுக்குப் போன் போட்டாள்.

"இல்லண்ணாச்சி… நான் வரல. வேற ஆளப் பாத்துக்கோங்க. எனக்கு இங்கன வேல இருக்கு."

நான் சாக்கை உதறி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் பேசியது காதில் விழாத மாதிரியே இருந்தேன். அன்றைக்கு ராத்திரி இரண்டாவது தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.