பெட்டியில் முதல் நம்பர்

அன்று காலை என் வீட்டுக்காரர் பாண் (ரொட்டி) வாங்கக் கிளம்பி, கேட் வரைக்கும் ஒற்றைச் செருப்போடு போய்விட்டார். வலது செருப்பு வாசலில் கழன்று கிடந்தது. கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. கூப்பிட்டேன். திரும்பினார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்று கண்டி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒரு மாதத்தில் பொல்லை (கைத்தடியை) ஊன்றி நான்கு எட்டு நடக்கும் அளவுக்கு வந்தார். பேச்சு மட்டும் திரும்பவில்லை. ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது: "சரி." சோறு போடவா என்றாலும் சரி, போதுமா என்றாலும் சரி. கல்யாணமான நாளிலிருந்து எனக்குச் சொல்லாத சரியையெல்லாம் சேர்த்து இப்போது சொன்னார்.

எங்கள் ஒரே மகள் மலர் குவைத்தில் வேலை பார்க்கிறாள். பிலிமத்தலாவை வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள்தான் அவசர பட்டன் வாங்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு இது உதவும் என்று எழுதுகிறேன். கையில் கட்டுவதும் உண்டு, கழுத்தில் போடுவதும் உண்டு. இவருக்கு வலது கை வீங்கியிருந்ததால் கழுத்துப் பட்டன் எடுத்தோம். எங்காவது மாட்டி இழுத்தால் தானே கழன்றுவிடும் கயிறாகப் பார்த்து வாங்குங்கள். தண்ணீர் பட்டாலும் கெடாததாக இருக்கவேண்டும். விழுவது பாதி குளிக்கும் இடத்தில்தான். பட்டனை அழுத்தினால் முன் அறையில் இருக்கும் பெட்டி, நாம் கொடுத்த நம்பர்களுக்கு வரிசையாகக் கோல் (போன்) எடுக்கும். ஒருவர் எடுத்துவிட்டால் அதோடு நின்றுவிடும். அவர் பேசுவது பெட்டியில் சத்தமாகக் கேட்கும்; பெட்டிக்குப் பக்கத்தில் நாம் பேசுவது அவருக்கும் கேட்கும்.

பெட்டியைப் பொருத்த வந்தவர் யார் நம்பரை முதலில் போடுவது என்று கேட்டார். மலர் போனில் இருந்தாள்.

"பக்கத்து வீட்டு அக்கா நம்பர் போடுங்கம்மா. நான் இங்கிருந்து பறந்தா வர்றது?"

"அவங்களுக்கு ஏன் தொந்தரவு? ஒன் நம்பரையே போடச் சொல்லு."

"அவங்க நம்பராவது கையில இருக்கா?"

இல்லை. பக்கத்து வீட்டு சுமனாவும் நானும் ஐந்து வருடமாகச் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று சிரித்துக்கொள்வோம். எனக்குச் சிங்களம் அரைகுறை. நம்பர் கேட்க வெட்கம். முதலாவது மலர், இரண்டாவது நாவலப்பிட்டியில் இருக்கும் என் தம்பி என்று எழுதிக்கொடுத்தேன்.

வெட்கம் மட்டும் காரணமில்லை. சும்மா கோல் எடுத்தால் மலர், "வேலையில இருக்கேம்மா, பொறகு எடுக்கிறேன்" என்பாள். மாதத்துக்கு ஒரு தரம் பட்டனை அழுத்திச் சோதிக்கவேண்டும். அப்போது இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்து, "அம்மா!" என்பாள். அந்த ஒரு "அம்மா" வீடு முழுக்கக் கேட்கும். சோதனை இல்லாத ஒரு நாளும் அழுத்தினேன். கை பட்டுவிட்டது என்று சொன்னேன்.

விழுந்தது இவர் இல்லை. நான்தான். குசினியில் அரிசி கழுவிய தண்ணீரில் வழுக்கி இடது பக்கமாக விழுந்தேன். கால் என்னுடையதாக இல்லை. பட்டனோ இவர் கழுத்தில்.

"அதை அமுக்குங்க," என்று முன் அறையில் உட்கார்ந்திருந்தவரைக் குசினி வாசலால் பார்த்துச் சொன்னேன்.

"சரி," என்றார். அமுக்கினார். மலர் உடனே எடுத்தாள்.

"அப்பா! விழுந்துட்டீங்களா?"

"சரி."

"எங்க அடிபட்டிருக்கு? தலையிலயா?"

"சரி."

"ஐயோ! அம்மா எங்க?"

"சரி... சரி..." அவர் அழுதுகொண்டே சொன்னார்.

நான் குசினித் தரையிலிருந்து, "மலரு, நான்தான்" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. என் குரல் எப்போதும் அந்த அளவுதான். பொம்பளைச் சத்தம் வாசலைத் தாண்டக்கூடாது என்று வளர்ந்தவள். மகள் எடுத்துவிட்டதால் பெட்டியும் அடுத்த நம்பருக்குப் போகவில்லை. அவள் குவைத்தில் நின்று கத்தினாள். நான் அவள் குரலைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். வலியோடு வலியாக, அது நிற்காமல் இருக்கட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

பொல்லு விழும் சத்தம் கேட்டது. இவர் என்னிடம் வருவதற்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பியிருந்தார். அடுத்து இவரும் விழுவார். அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. குசினி ஜன்னலைப் பார்த்து, "சுமனா! எண்ட! எண்ட!" (வாருங்கள்) என்று கத்தினேன். அவள் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டது அதுதான் முதல் தரம்.

சுமனா பின் கதவால் வந்தாள். இவரைக் கதிரையில் உட்காரவைத்துவிட்டு, ஓட்டோ வரும் வரைக்கும் என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். "அஞ்சு வருசம் பக்கத்துல அம்மே. ஒரு நம்பர் கேக்க இல்லயே நீங்க," என்று தனக்குத் தெரிந்த தமிழில் ஏசினாள்.

இடுப்பெலும்பு முறிவு. எனக்கு எலும்பு மெலிவும் (எலும்பு உள்ளுக்குள் அரித்துப்போவது) இருந்திருக்கிறது. அது தெரியாமலே இவரைத் தூக்கி இறக்கியிருக்கிறேன்.

"பட்டன் யார் கழுத்துல இருந்துச்சு?" டொக்டர் கேட்டார்.

"இவர் கழுத்துல."

"விழுந்தது?"

"நான்."

"ரெண்டா வாங்கியிருக்கணும்மா," என்றார்.

கம்பி வைத்துத் தைத்தார்கள். மலர் பத்து நாள் லீவில் வந்தாள். என் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தாள். என்னைக் குளிக்க வார்த்தாள், தலை சீவிவிட்டாள். அந்தப் பத்து நாளும் எனக்கு வலித்ததாக ஞாபகமில்லை. போகும் முன்னே என் கழுத்துக்கும் ஒரு பட்டன் போட்டாள். பிறகு சுமனாவைக் கூட்டி உட்காரவைத்துப் பெட்டியில் நம்பரை மாற்றினாள். முதலாவது சுமனா, இரண்டாவது சுமனாவின் மகன், மூன்றாவது தம்பி. மலர் கடைசி.

"சரிதானேம்மா?"

உன் நம்பர் முதலிலேயே இருக்கட்டும் என்று தொண்டை வரைக்கும் வந்தது. "சரி" என்றேன். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. பொல்லு எனக்கும் உண்டு. முன்பெல்லாம் கால் தன்பாட்டுக்குப் போகும். இப்போது ஒவ்வொரு எட்டுக்கும் முன்னே அதனிடம் கேட்டுக்கொண்டுதான் வைக்கிறேன். வாசலுக்குப் போக ஒரு நேரம், திரும்பி வர ஒரு நேரம். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தால், இரண்டரை மணித்தியாலம் குறைத்துக் குவைத் நேரத்தையும் மனது பார்த்துவிடுகிறது. இப்போது எழும்பியிருப்பாள். இப்போது பஸ்ஸுக்கு நிற்பாள்.

மாதம் பிறந்தால் பட்டனை அழுத்துகிறேன். சுமனாவின் குரல் பெட்டியிலும் சுவருக்கு மேலாலும் ஒன்றாக வருகிறது: "ஆ அம்மே, கேக்குது, கேக்குது!" பெட்டி அதோடு நின்றுவிடுகிறது. அப்படித்தான் நிற்கவேண்டும். கடைசி நம்பர் வரைக்கும் அது ஒரு நாளும் போகக்கூடாது என்றுதான் சாமியைக் கும்பிடுகிறேன். கும்பிட்டுவிட்டு, அந்த மௌனமான பெட்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.