ஐந்து மில்லி

பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். முதல் பாடம் அளவீடு. அலகு போடாத விடைக்கு அரை மதிப்பெண் குறைப்பதில் எனக்குக் கெட்ட பெயர் உண்டு.

அந்தச் சனிக்கிழமை ரெட்டியார்சத்திரத்தில் தங்கை வீட்டில் இருந்தேன். அவள் மாமியாரை ரயிலேற்றிவிடக் கொடைரோடு போயிருந்தாள். ஒன்றேகால் வயதுப் பெண் குழந்தை என்னிடம். மதியம் உடம்பு அனலாய்ச் சுட்டது. "அஞ்சு மில்லி குடுக்கா, டாக்டர் சொன்னதுதான்" என்றாள் போனில். காய்ச்சல் சிரப் பாட்டில் காலி. மருந்து டப்பாவில் அதே பெயரில் சின்ன பாட்டில் ஒன்று இருந்தது. சிரப் மூடியிலேயே ஐந்து மில்லி அளந்து ஊற்றினேன்.

திரும்பி வந்த தங்கை பாட்டிலைக் கையில் எடுத்தாள்.

"அக்கா, இது டிராப்ஸு. கைக்குழந்தையா இருந்தப்ப வாங்குனது."

லேபிளைப் படித்தேன். சிரப்பில் ஐந்து மில்லிக்கு நூற்றிருபது மில்லிகிராம். இதில் ஒரே மில்லிக்கு நூறு. திண்டுக்கல் போகும் ஆட்டோவில் குழந்தை என் மடியில் தூங்கியது. ஐந்தை நூறால் பெருக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. பெருக்கிய பிறகும் நம்பாமல் மறுபடி பெருக்கினேன்.

"எடை எம்புட்டு?" என்றார் மருத்துவர்.

"பத்து கிலோ."

"கிலோவுக்கு அம்பது மில்லிகிராம். பயப்படுற அளவு இல்ல. ரத்தம் எடுத்துப் பாத்துருவோம், சாயந்திரம் வரைக்கும் இருங்க."

சீட்டு எழுதிய நர்ஸ் கேட்டார்: "மருந்து குடுத்தது நீங்களா? என்ன வேல பாக்குறீங்க?"

"டீச்சர்."

"என்ன சப்ஜெக்ட்?"

"தமிழ்" என்றேன்.

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். ஊசி குத்தியபோது குழந்தை என் சேலையைத்தான் பிடித்துக்கொண்டு அழுதது.

ஆறு மணிக்கு முடிவு வந்தது. ஒன்றுமில்லை, கூட்டிப்போகலாம் என்றார்கள். பஸ்ஸில் தங்கை மெதுவாகக் கேட்டாள்: "தப்பு எல்லாருக்கும் வாரதுதான். ஏன்க்கா பொய் சொன்ன?"

குழந்தையின் கையில் ஒட்டியிருந்த பஞ்சைச் சரிசெய்தேன்.

இப்போதும் குழந்தையை என்னிடம்தான் விட்டுவிட்டுப் போகிறாள். காய்ச்சலாக இருந்தால் மட்டும், போகும் முன் மருந்தை அவளே அளந்து, தம்ளரில் ஊற்றி மூடி வைத்துவிடுகிறாள். நான் பார்க்காததுபோல் இருந்துகொள்கிறேன்.