சுறா எண்ணெய் பூசிய கார்

உலகச் சண்டைக் காலம், பெட்ரோலுக்குக் கூப்பன். தூத்துக்குடியில் தோணி விட்டுப் பிழைத்த என் அண்ணன், ஒரு பழைய காரை வாங்கி, ஏரலில் கடை வைத்திருந்த எனக்குத் தந்திருந்தார். என் மனைவியின் முதல் பிரசவத்தில், மாட்டுவண்டி தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை இறந்துவிட்டது. இரண்டாவதுக்கும் அப்படி ஆகக்கூடாது என்றுதான் இந்தக் கார்.

ஆனால் அது பெட்ரோலைக் குடித்தது. மாதம் பாதி தாண்டுமுன் கூப்பன் பெட்ரோல் தீர்ந்துவிடும். டாங்க் ஒழுகுகிறதா என்று அடியில் காகிதம் விரித்துப் பார்த்தேன், ஒழுகவில்லை. எவனோ குழாய் போட்டு உறிஞ்சுகிறான் என்று மூடிக்குப் பூட்டுப் போட்டேன். மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார், பிளக்கை மாற்றினார். ஒரு பிரயோஜனமும் இல்லை. அவள் வயிறு பெரிதாகப் பெரிதாக எனக்குத் தூக்கம் போயிற்று. டாங்கில் குச்சியை விட்டு ஈரம் பார்ப்பதே பிழைப்பாகிவிட்டது.

அண்ணன் மட்டும் கவலைப்படவில்லை. வரும்போதெல்லாம் வேட்டியை மடித்துக் கட்டி, காருக்கு அடியில் புகுந்து, தோணிக்குப் பூசுவது போலச் சுறா எண்ணெய் பூசுவார். “உப்புக்காத்துல இரும்பு நிக்காதுலே. தோணிக்கு ஆகுதது காருக்கு ஆகாதா?” என்பார். நானும் சரியென்றே நினைத்தேன்.

ஒருநாள் காலையில் வலி வந்துவிட்டது. குச்சியின் நுனியில் மட்டும்தான் ஈரம். பாதி வழிக்குக்கூடக் காணாது. பஸ்ஸும் போய்விட்டது. வேறு வழியில்லாமல் அவளைப் பின்சீட்டில் சாய்த்துக் கிளம்பினேன். ஊர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அவள், “ஏங்க, மீன் கருகுத வாசம் வருதுல்ல?” என்றாள்.

“ஏளா, எங்கனயாவது பொரிப்பாங்க.”

“இல்ல. நம்ம வண்டியிலதான்.”

இறங்கிப் பின்சக்கரத்தைத் தொட்டேன், விரல் பொத்துப்போயிற்று. குனிந்து பார்த்தால், அண்ணனின் எண்ணெயும் மணலும் சேர்ந்து பிரேக் கம்பிகளில் பிசினாக இறுகிக் கிடந்தன. ஒருமுறை மிதித்த பிரேக் திரும்பாமல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அதோடு மல்லுக்கட்டித்தான் இத்தனை நாளும் பெட்ரோல் தீர்ந்தது.

ஸ்பானரால் பிரேக் கம்பியின் நட்டைத் தளர்த்தினேன், சக்கரம் விடுபட்டது. “ஏளா, இனிமே பிரேக் பிடிக்காது” என்றேன்.

“ஓடினாப் போதும். போங்க.”

வண்டி லேசாக உருண்டது. ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு, நின்றுவிடாதே, நின்றுவிடாதே என்று வழியெல்லாம் மன்றாடினேன். தூத்துக்குடிக்கு முந்தின முத்தையாபுரம் தாண்டியும் ஓடியது. ஆஸ்பத்திரி வாசலில், நின்றுவிடு என்று மன்றாடினேன். மணல் குவியலில் முட்டித்தான் நின்றது.

சாயங்காலம் பெண் பிறந்தது. இருவரும் நலம் என்றார்கள். எதுவும் தெரியாத அண்ணன் துறைமுகத்திலிருந்து ஓடிவந்து, “எங்கலே எம் மவ?” என்று சந்தோஷத்தோடு இரு கைகளையும் நீட்டினார். கையில் அதே எண்ணெய் வாசம். அவள் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். நானும் கொடு என்று சொல்லவில்லை.