எச்சரிக்கை அத்தையின் புதிய கணினி

எங்கள் குடும்பத்தில் அத்தைக்கு 'எச்சரிக்கை' என்று பெயர். அப்பாவின் தங்கை. வாஷிங் மெஷின், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, முடி உலர்த்தி இவற்றோடு வரும் கையேடுகளை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றுவது அவளுடைய தொழில். பெட்டியைப் பிரித்ததும் தெர்மாகோலோடு சேர்த்து நாம் தூக்கிப் போடுகிற அந்தப் புத்தகம்தான். அதில் முதல் பாதி முழுக்க எச்சரிக்கை. பிற்பாதியில்தான் சாதனத்தை எப்படி இயக்குவது என்று வரும். அத்தையின் பேச்சும் அதே வரிசையில்தான் இருக்கும். தண்ணீர் கேட்டால், "டம்ளர் வழுக்கும், பாத்து" என்று சொன்ன பிறகுதான் தண்ணீர் வரும்.

அவள் பள்ளிப் படிப்போடு நின்றவள். தட்டச்சு கற்றுக்கொண்டு ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் சேர்ந்தாள். அங்கே ஆங்கிலக் கடிதங்களை அடித்து அடித்தே ஆங்கிலம் பழகி, பிறகு வீட்டிலிருந்தே மொழிபெயர்க்கத் தொடங்கினாள். பல் மருத்துவமனைக்கு மேலே இரண்டு அறை வீடு. கீழே யாருக்காவது பல்லைக் குடையும் சத்தம் தரை வழியாக ஏறிவரும். அந்த மேஜையில் உட்கார்ந்தபடி நாட்டின் பாதி வாஷிங் மெஷின்களை அவள் எச்சரித்திருக்கிறாள். கையேட்டில் எங்கும் அவள் பெயர் இருக்காது. அதைப் பற்றி அவள் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் யார் வீட்டுக்குப் போனாலும் புதிய சாதனம் இருந்தால், "புக்கு எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்பாள். குப்பையில் போட்டுவிட்டோம் என்றால் அன்றைக்கு அந்த வீட்டில் காப்பி குடிக்க மாட்டாள்.

நான்தான் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. படித்தது தாவரவியல். ஆனால் பட்டதாரி என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் வீட்டாருக்குப் பாடம் மறந்துவிடுகிறது. பெரியப்பாவின் எக்ஸ்ரே வந்தால் என்னிடம் நீட்டுவார்கள். நானும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். அது எலும்பு என்பதுவரை எனக்குத் தெரியும். வேலை தேடிக்கொண்டு வீட்டில் இருப்பவளுக்கு, தெரியாது என்று சொல்லும் தைரியம் எங்கிருந்து வரும்? அதனால்தான் அத்தை போன் செய்தபோதும் சரி என்றேன்.

விஷயம் இதுதான். அத்தைக்கு வேலை கொடுக்கும் மொழிபெயர்ப்பு நிறுவனம், இனி மென்பொருளின் புதிய பதிப்பில் மட்டுமே வேலை செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டது. அது அத்தையின் பழைய கணினியில் ஏறாது. புதுக் கணினி வந்துவிட்டது. மென்பொருளையும், அதைவிட முக்கியமாக அதன் நினைவகத்தையும், புதியதற்கு மாற்ற வேண்டும். நினைவகம் என்பது அத்தை இதுவரை மொழிபெயர்த்த ஒவ்வொரு வாக்கியமும் அதன் ஆங்கிலத்தோடு இணையாகச் சேர்ந்திருக்கும் இடம். அதே ஆங்கில வாக்கியம் இன்னொரு கையேட்டில் வந்தால், அவள் முன்பு எழுதிய தமிழை அது தானாகவே எடுத்து நீட்டும்.

"என் தலைக்குள்ள இருக்கறது பாதி, அதுக்குள்ள இருக்கறது பாதி" என்றாள் அத்தை, நான் அவள் வீட்டுக்குப் போனதும். "ஜாக்கிரதையா தூக்கு. கீழ போட்டுடாத."

"அது ஃபைல் அத்தை. கீழ விழாது."

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்வாங்க."

மாமா கட்டிலில் சாய்ந்தபடி, "பட்டதாரி வந்தாச்சு, இனிமே என்ன கவலை?" என்றார். அது பாராட்டா குத்தலா என்பதை அவரிடம் ஒருநாளும் கண்டுபிடிக்க முடியாது.

உண்மையில் மாற்றும் வேலை சுலபமாகவே முடிந்தது. பழையதில் உரிமத்தை விடுவித்து, புதியதில் அத்தையின் பெயரைப் பயனராகக் கொடுத்து ஏற்றி, நினைவகக் கோப்பைத் திறந்ததும் அது அப்படியே நிறுவனத்தின் பொதுச் சேமிப்புக்கும் போய்ச் சேர்ந்தது. புதிய பதிப்பின் பெருமையே அதுதானாம். எல்லோருடைய வாக்கியமும் எல்லோருக்கும் கிடைக்கும். யார் எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணி, முதுநிலை, இடைநிலை, புதியவர் என்று அதுவே தரம் பிரிக்கும். முதுநிலைக்குத்தான் முதலில் வேலை போகும்.

மறுநாள் காலை தரவரிசை வந்தது. அத்தை புதியவர். அனுபவம்: இல்லை.

முதுநிலைப் பிரிவில் முதல் இடத்தில் 'ஸ்பீடு' என்று ஒரு பெயர்.

ஸ்பீடு என்பவர் தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்காரர். எதையும் பத்து நாளுக்குக் குறையாமல் பழுதுபார்ப்பதால் தெரு வைத்த பெயர். அவருக்கு அது பிடித்துப்போய்ப் பலகையிலேயே எழுதிக்கொண்டார். அத்தையின் முதல் கணினியை அமைத்தவர் அவர்தான். பயனர் பெயர் கேட்ட இடத்தில் தன் பெயரையே அடித்திருக்கிறார். கணினி மாறியபோதெல்லாம் அவரே வந்து அதையே அடித்திருக்கிறார். அத்தை எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தின் காதிலும் 'எழுதியவர்: ஸ்பீடு' என்ற குறிப்பு ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. பழைய பதிப்பு அதை யாருக்கும் காட்டியதில்லை.

அத்தை போன் போட்டாள்.

"ஏம்ப்பா ஸ்பீடு, நீ எப்பப்பா மொழிபெயர்க்க ஆரம்பிச்ச?"

"என்னக்கா, காலையிலயே கிண்டலா? இங்கிலீஷ்ல நமக்கு எர்ரர்னு ஒரே வார்த்தைதான் தெரியும்."

"அது போதுமாம். நீதான் முதல் ரேங்க்."

பெயரை மாற்ற வழி இருந்தது. எல்லா வாக்கியங்களையும் தேர்ந்தெடுத்து, எழுதியவர் என்ற இடத்தில் அத்தையின் பெயரைப் போட்டு, ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். நான் அழுத்தினேன். திரையில் அத்தையின் பெயர் மேலிருந்து கீழ்வரை மழைபோல இறங்கியது. அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். எச்சரிக்கைகூட வரவில்லை. எனக்கு அந்த நிமிடம் பட்டமளிப்பு விழாவைவிடப் பெரிதாக இருந்தது.

மதியத்துக்குள் நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டார். இளைஞர், நல்ல குரல். ஸ்பீக்கரில் போட்டோம்.

"மேடம், உங்க கணக்க நிறுத்தி வெச்சிருக்கோம்."

"ஏன் தம்பி?"

"இன்னிக்குக் காலையில மட்டும் நீங்க லட்சக்கணக்கான வாக்கியம் எழுதியிருக்கீங்க. மனுஷங்களால முடியாது மேடம். நீங்க இயந்திர மொழிபெயர்ப்பு பயன்படுத்தறதா சிஸ்டம் சொல்லுது."

பெயரை மாற்றும்போது தேதியும் மாறும் என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பொத்தானுக்கு ஒரு கையேடு இருந்திருக்கும். நான் அதைப் படிக்கவில்லை. கையேடு எழுதுபவள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு!

"தம்பி, அதெல்லாம் இத்தனை வருஷமா நான் எழுதினது. பேரு மட்டும்தான் இன்னிக்கு மாத்தினோம்."

"ஆனா பழைய பதிவுல ஸ்பீடு சார்தான எழுதியிருக்காரு?"

"அவன் கடை வெச்சிருக்கான் தம்பி. மவுஸ் விக்கறான்."

"பகுதி நேரமா பண்றாரு போல. ரொம்ப நல்ல ஸ்டைல் மேடம் அவருக்கு. நேத்து அது வந்ததுமே எங்க பயிற்சிப் பாடம் முழுக்க சிஸ்டம் அவரோட வாக்கியத்தத்தான் எடுத்துப் போட்டிருக்கு."

மாமா போர்வைக்குள் சிரிப்பை அடக்கியதில் கட்டிலே ஆடியது.

ஒருங்கிணைப்பாளர் கெட்டவர் இல்லை. யோசித்து இரண்டு வழி சொன்னார். ஒன்று, காலையில் செய்த மாற்றத்தை ரத்து செய்துவிட்டு ஸ்பீடு என்ற பெயரிலேயே அத்தை வேலை செய்யலாம். முதுநிலை, முதல் வேலை, எல்லாம் கிடைக்கும். யார் என்று யாரும் கேட்கப்போவதில்லை. இல்லையென்றால், அதே ரத்துக்குப் பிறகு, அத்தை தன் பெயரிலேயே புதியவராகச் சேர்ந்து, பயிற்சித் தேர்வு எழுதி, முதலிலிருந்து தொடங்கலாம். எது என்று சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் மாமா. "ஸ்பீடுன்னே இரு. நம்ம புக்குல என்னிக்கு உன் பேரு இருந்துச்சு, இன்னிக்குப் புதுசா போயிட?"

"புக்குல இல்லைங்க. அது பரவாயில்ல. யார் பேருமே இல்லையே."

"அப்புறம்?"

"இங்க இன்னொருத்தன் பேரு இருக்கே."

மாமா என்னைப் பார்த்தார். "பட்டதாரி, நீயாவது புத்தி சொல்லு."

நான் என்ன சொல்வது? வேலை போனால் என் பொத்தானால்தான் போகும் என்பதால், ஸ்பீடு என்றே இருந்துவிடலாமே என்றுதான் எனக்கும் தோன்றியது. அது அத்தைக்கான யோசனையா, நான் தப்பித்துக்கொள்ளும் வழியா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. "உங்க இஷ்டம் அத்தை" என்றேன். மூன்று வருடம் படித்ததில் தெளிவாகக் கற்றுக்கொண்ட ஒரே பதில்.

அத்தை எழுந்து துவைத்த துணிகளை மடித்தாள். மாமாவின் சட்டைகளை மடித்துவிட்டு, மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"தம்பி, பரீட்சைய அனுப்புங்க."

தேர்வு வந்தது. ஓர் ஆங்கில வாக்கியமும் அதற்கு இரண்டு தமிழ் வாக்கியங்களும். சிறந்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அத்தை பள்ளிப் பிள்ளைபோல விரலை வைத்து வாசித்தாள். முதல் சில கேள்விகள் வேகமாகப் போயின. அப்புறம் வாஷிங் மெஷின் வந்தது.

ஒரு விடை: 'ஓடும்போது மூடியைத் திறக்காதீர்கள்.'

மற்றது: 'சாதனம் இயங்குநிலையில் உள்ள தருணத்தில் அதன் மேல்மூடியைத் திறத்தல் அபாயத்தினை விளைவிக்கவல்லது ஆகையால் அன்னதோர் செயல் தவிர்க்கப்படுதல் வேண்டும்.'

அத்தை முதலாவதை அழுத்தினாள். 'தவறு' என்று வந்தது. சரியான விடை இரண்டாவதாம்; திருத்திக்கொள்ள இன்னொரு வாய்ப்பு உண்டாம். அடியில் சிறிய எழுத்தில்: 'முதுநிலை மொழிபெயர்ப்பாளர் ஸ்பீடு அவர்களின் வாக்கியம்.'

"அன்னதோராம்!" என்றாள் அத்தை. "இதப் படிச்சு முடிக்கறதுக்குள்ள கை போயிடுமே. எந்த மடையன்..."

பாதியில் நிறுத்தினாள். திரைக்கு அருகே போனாள்.

"நான்தான்டி."

"நீங்களா?"

"சேர்ந்த புதுசுல எழுதினது. காலேஜ் படிக்காதவன்னு கண்டுபிடிச்சுடுவாங்களோன்னு பயம். இருக்கற பெரிய வார்த்தையெல்லாம் தேடித் தேடிப் போட்டேன்." அந்த வாக்கியத்தின் மேல் மறுபடி விரலை ஓட்டினாள். "எத்தனை மெஷின்ல ஒட்டியிருப்பாங்களோ."

என் விண்ணப்பக் கடிதங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. 'தங்கள் மேலான நிறுவனத்தில்' என்று தொடங்கும் அவற்றை அத்தையிடம் காட்டக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

"சரி, அவங்க கேக்கற பதிலப் போட்டுத் தொலை" என்றார் மாமா. "பாஸாகணும்ல."

அத்தை போட்டாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு, தன்னுடைய அந்தப் பழைய வாக்கியத்தையே அழுத்தினாள். தேறிவிட்டாள். 'வருக, புதிய மொழிபெயர்ப்பாளரே!' என்று திரையில் வண்ணக் காகிதங்கள் பறந்தன.

புதியவர்களுக்கு மிச்சம் மீதி வேலைதான் வரும் என்றார்கள். முதல் வேலை அந்த வாரமே வந்தது. முதுநிலையில் முதல் இடத்தில் இருப்பவருக்குத்தான் முதலில் அனுப்பினார்களாம். அவரிடமிருந்து பதிலே இல்லையாம். ஒரு வாஷிங் மெஷின் கையேடு. மூடி வாக்கியம் மூன்றாம் பக்கத்திலேயே இருந்தது. நினைவகம் 'அன்னதோர்' வாக்கியத்தைப் பணிவாக எடுத்து நீட்டியது. அத்தை அதை அழித்துவிட்டு, 'ஓடும்போது மூடியைத் திறக்காதீர்கள்' என்று அடித்தாள்.

மென்பொருள் விடவில்லை. முதுநிலையாளரின் வாக்கியத்தைப் புதியவர் மாற்றுவதற்குக் காரணம் கூற வேண்டும் என்று ஒரு கட்டம் திறந்தது.

"என்னடி எழுதறது?" என்றாள் அத்தை.

"நீங்களே எழுதுங்க."

அவள் சிறிது நேரம் விரல்களைக் காற்றில் வைத்திருந்தாள். கீழே யாருக்கோ பல்லைக் குடைந்துகொண்டிருந்தார்கள். பிறகு அடித்தாள்:

'முன்பு எழுதியவருக்குப் பயம். எனக்கு இல்லை.'

காரணம் ஏற்கப்பட்டது என்று வந்தது. அடியில், எழுதியவர் என்ற இடத்தில், அவள் பெயர் இருந்தது.