கிள்ளானில் வெயில் வடக்கே திரும்பிய நாள்

மார்ச் 26, காலை எட்டரை. விமானத்தை விட்டு இறங்கியதும் வெயில் முகத்தில் அடிக்கும் என்று தயாராக இருந்தேன். அடித்தது ஏசி. மலேசியாவுக்கு வருகிறவர்கள் ஒரு போர்வையோடு வருவது நல்லது. வெளியேதான் வெயில், கட்டடங்களுக்குள் வருடம் முழுக்க மார்கழி.

நான் கோயம்புத்தூரில் மொட்டை மாடிகளில் சோலார் வாட்டர் ஹீட்டர் பொருத்துகிறவன். இருபத்தாறு வருடத் தொழில். சூரியன் எந்தப் பக்கம் என்றால் ஊரில் என்னைத்தான் கேட்பார்கள். கிள்ளானில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை புனிதாவும் கேட்டாள். சுங்கை வே என்ற ஊரில் பார்த்த தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, மோர் மிளகாய் போட்டு விற்கப் போகிறேன், காயவைக்க ஸ்டாண்டை எங்கே போடட்டும் என்று போன வருடம் ஜனவரியில் போன் செய்தாள். ஊரில் எங்கள் ஹீட்டர்களெல்லாம் தெற்கு பார்த்துத்தான் நிற்கும், அதனால் நான் யோசிக்கவே இல்லை. "தெற்குப் பக்கம், சுவரை ஒட்டிப் போடு. ஸ்டாண்டோட காலை சிமெண்ட் வெச்சு நட்டுடு" என்றேன். அவளும் வாசல் பக்கம் அப்படியே போட்டாள். மே மாதத்திலிருந்து மிளகாய் பூசணம் பிடிக்க ஆரம்பித்தது. "உங்க ஊர் மழை ஈரம்தான் காரணம்" என்று அதற்கும் போனிலேயே தீர்ப்பு எழுதினேன். எனக்கென்ன, வாய் இருக்கிறது.

விமான நிலையத்திலிருந்து கே.எல். சென்ட்ரல் வரை பஸ், பதினைந்து ரிங்கிட், ஒரு மணி நேரம். அங்கிருந்து நடந்தே பிரிக்பீல்ட்ஸ். பூக்கடை, இட்லிக்கடை, பாத்திரக்கடை என்று தமிழ் கேட்டுக்கொண்டே நடக்கலாம். நுரைக்க இழுத்து ஆற்றித் தரும் தே தாரேக் டீ ஒன்று குடித்துவிட்டு, புனிதா சரக்கு போடும் மளிகைக் கடையைத் தேடிப்பிடித்தேன். அவள் கைப்பட ஒட்டிய பாக்கெட்டுகள் முன் வரிசையிலேயே தொங்கின. பெருமையாக இருந்தது. அவளுடைய அண்ணன் என்று சொல்லிக்கொண்டதுதான் தாமதம், கடைக்கார அம்மாள் பிடித்துக்கொண்டார்.

"நல்ல பொண்ணு, நல்ல டேஸ்ட். ஆனா போன வருஷம் ஜூன், ஜூலைல வந்ததெல்லாம் பூசணம். கஸ்டமர் என்னைத்தானே திட்றாங்க? இந்தத் தடவையும் அப்டி வந்தா எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன் லா. நீங்களும் சொல்லுங்க அண்ணே."

கொம்யூட்டர் என்ற புறநகர் ரயிலில் கிள்ளான் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். வழியெல்லாம் அந்த அம்மாளின் குரலே, இந்த ஊர்க்காரர்கள் பேச்சின் கடைசியில் ஒட்டும் 'லா'வோடு, காதில் கேட்டது.

மார்ச் 27. புனிதா வீடு இரட்டை மாடி. அடுத்தடுத்து ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. வாசல் தெற்கே, பின்கட்டு வடக்கே, அதற்கப்பால் கார் போகும் அகலத்தில் ஒரு சந்து. வாசல் சுவரை ஒட்டி அந்த ஸ்டாண்டு நின்றது. மிளகாய் மொறுமொறுவென்று காய்ந்துகொண்டிருந்தது. "பார்த்தியா? இடம் சரியாத்தான் இருக்கு" என்றேன். புனிதா ஒரு மிளகாயைத் திருப்பிப் போட்டாள். பழைய சூப்பர்வைசர் கூப்பிட்டிருக்கிறார், ஏப்ரலில் ஆள் எடுக்கிறார்களாம், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொன்னாள். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. அவள் முட்டிக்கு அது ஆகாது.

மாலை மாப்பிள்ளை செல்வா வந்தார். துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார். வந்த காரணத்தைக் கேட்டார். தங்கையைப் பார்க்க, கூடவே நாளைக்கு இங்கே உச்சிப்பொழுதில் நிழலே விழாதாம், அதையும் பார்க்க என்றேன்.

"இங்க என்னா மச்சான் இருக்கு பாக்க? வருஷம் பூரா வெயிலு, மழை. இருக்கிறது ஒரே சீசன், டுரியான் பழ சீசன்."

விடுவேனா? ஓர் எலுமிச்சம்பழத்தில் ஈர்க்குச்சியைக் குத்தி, சாய்த்துப் பிடித்தேன். பூமி இப்படிச் சாய்ந்தபடியேதான் சூரியனைச் சுற்றுகிறது. சாய்வு மாறுவதில்லை. அதனால் ஆறு மாதம் வடபாதி சூரியன் பக்கம் சாய்ந்திருக்கிறது. அப்போது அங்கே வெயில் செங்குத்தாக விழுகிறது, பகலும் நீளம். அதுதான் கோடை. மீதி ஆறு மாதம் தென்பாதிக்கு அந்த யோகம். சூரியனுக்குக் கிட்டே போவதால் கோடை வருகிறது என்பதெல்லாம் சும்மா. நாம் சூரியனுக்கு ரொம்பக் கிட்டே இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், டெல்லிக்காரன் நடுங்கும்போது. கிள்ளான் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் வெயிலின் சரிவும் பகலின் நீளமும் அதிகம் மாறுவதில்லை. "ஆனா சூரியன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்த்தான் வருது" என்று முடித்தேன். செல்வா பழத்தை வாங்கிப் பிழிந்து தண்ணீரில் கலந்து குடித்துவிட்டார்.

மார்ச் 28. பன்னிரண்டு மணிக்கு வாசலில் ஒரு குச்சியை நட்டுவிட்டு உட்கார்ந்தேன். நிழல் போகவில்லை. முழ நீளம் மேற்கே படுத்துக்கிடந்தது. எதிர்வீட்டுக்காரர் தன் வாசல் கேட் வரை வந்து, "என்னா பாஸ், மீன் புடிக்கிறீங்களா?" என்றார். இந்த நாட்டுக் கடிகாரம் சூரியனை விட ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தி ஓடுகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. ஒன்று பத்தொன்பதுக்கு நிழல் குச்சியின் காலுக்குள் போய் மறைந்தது. ஐம்பது வயதில் கைதட்டினேன்.

அந்த நேரம் பார்த்து புனிதா வாசலில் இருந்த துணிக்கொடிக் கம்பிகளைக் கழற்றி, வீட்டுக்குள்ளாகவே பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். சந்தில் எட்டிப் பார்த்தால் வரிசையில் பாதி வீட்டுக் கொடிகள் ஏற்கெனவே அங்கேதான்.

"எதுக்கும்மா இங்க?"

"மார்ச் கடைசில எல்லாரும் பின்னாடி மாத்திருவோம்ணா. இனிமே முன்னாடி காயாது, செப்டம்பர் வரைக்கும். அப்புறம் திரும்ப முன்னாடி."

நாளையிலிருந்து உச்சிச் சூரியன் இந்த வீட்டுக்கு வடக்கே. அரை வருடத்துக்கு அந்த இரண்டு மாடிச் சுவரின் நிழல் நேராக ஸ்டாண்டின் மேல். மழையாவது ஈரமாவது! கோயம்புத்தூரிலும் ஏப்ரல் பாதியிலிருந்து ஆகஸ்ட் வரை இதே கதைதான். அந்த மாதங்களில் தண்ணீர் தானாகவே கொதிப்பதால் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. நேற்று எலுமிச்சம்பழத்தைச் சுழற்றிய மேதாவிக்கு ஒரு ஸ்டாண்டு வைக்க இடம் தெரியவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"போன ஆகஸ்ட்ல. துணி காயப்போடறப்பத்தான் உறைச்சிச்சி. அப்பதான் அண்ணி ஆஸ்பத்திரியில இருந்தாங்க. அந்த நேரத்துல போய் உன்கிட்ட என்னத்தச் சொல்றது?"

ஸ்டாண்டை உடைத்து மாற்ற செல்வாவிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். பேச்சை மாற்றிவிட்டாள்.

காரணம் ராத்திரிச் சாப்பாட்டில் தெரிந்தது. ஸ்டாண்டைப் பின்னால் கொண்டுபோக வேண்டும் என்று நான் எடுத்ததும் செல்வா சிரித்தார். "உங்க தங்கச்சி பாத்த இடம் மச்சான். இங்கதான்னு அடம் புடிச்சது நான்தான்னு அவளே சொல்றா." புனிதா குனிந்துகொண்டு எனக்கு ரசம் ஊற்றினாள். பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டிருக்கிறாள்! உடைக்கச் சொன்னால் யார் சொன்ன இடம் என்ற பேச்சு வரும் என்றுதான் அவரிடம் வாயைத் திறக்கவில்லை. நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ரசத்தைக் குடித்தேன்.

மார்ச் 29, ஞாயிறு. சம்மட்டியால் சிமெண்டை உடைத்தோம். நான் சொன்ன சிமெண்ட், கெட்டியாகத்தான் இருந்தது. ஹார்ட்வேர் கடையில் சக்கரங்கள் வாங்கி வந்து நான்கு காலிலும் பற்றவைத்தேன். இனி ஆறு மாதம் சந்து, ஆறு மாதம் வாசல். சந்துக்கு எதிர்ப்புறத்து மலாய்க்கார அம்மாள் தன் பூந்தொட்டிகளை நகர்த்தி இடம் விட்டதோடு, ஒரு தட்டு பலகாரமும் கொடுத்தார். அவர் மகராசியாக இருக்கட்டும். திங்கட்கிழமை காலையில் புனிதா சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "வரல பாஸ்" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் பயமும் இருந்தது.

மார்ச் 30, மாலை நான்கு. செல்வா தன் காரில் விமான நிலையத்துக்குக் கொண்டுபோனார். கிள்ளானிலிருந்து ஒரு மணி நேரம். பாதி வழியில் என் வாய் திறந்தது.

"மாப்ளே, அந்த இடத்தைப் பார்த்தது புனிதா இல்ல. நான்தான் போன்ல சொன்னேன்."

அவர் ரோட்டைப் பார்த்தபடியே, "தெரியும் மச்சான்" என்றார்.

"எப்படி?"

"அன்னிக்கி அவ போனை ஸ்பீக்கர்ல போட்டுத்தானே பேசினா? நான் ஜன்னலுக்கு வெளிய லோரி கழுவிக்கிட்டு இருந்தேன். அவ உங்கள விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு அவ்ளோ பாடுபடறா. நான் எதுக்கு அவள விட்டுக்குடுக்கணும்? நம்பின மாதிரி இருந்துட்டேன் லா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை. என் ஒரு போன் பேச்சுக்காக இந்த இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் இவ்வளவு நாள் அரண் கட்டியிருக்கிறார்கள். இறங்கும்போது அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். நன்றி என்று சொன்னேனா என்று நினைவில்லை.

ஏப்ரல் 10, கோயம்புத்தூர். ஒரு மாடியில் தொட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தபோது புனிதா கூப்பிட்டாள்.

"அண்ணா, பின்னாடி நல்ல வெயில். மிளகா கைல எடுத்தா சலசலங்குது. கடைக்காரம்மா இன்னும் அம்பது பாக்கெட்டு கேட்டுருக்காங்க. இரு, கேளு…"

மிளகாயைப் போனுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டேன்.

"என்னண்ணா, லைன் இல்லியா?"

"இருக்கும்மா. இன்னொரு தடவை குலுக்கு" என்றேன்.