ஏழு நாள் கவசம்

லிப்ட் மெக்கானிக்குக்குக் கோபம் வர பெரிய காரணம் எதுவும் வேண்டாம். லிப்ட் கெட்டுப்போனால்தான் அவரைக் கூப்பிடுவார்கள். கெட்டுப்போன லிப்டில் ஏற முடியாது. ஆக, வாழ்நாளில் பாதியை மனிதர் படியேறியே கழித்துவிட்டார். ஒன்பதாவது மாடிக்கு மூச்சிரைக்க வந்து பார்த்தால், யாரோ எல்லாப் பட்டனையும் ஒன்றாக அமுக்கி வைத்திருப்பார்கள்.

"படிச்சுட்டு அமுக்குங்கன்னு எத்தனை தடவ சொல்றது?" என்று எகிறுவார். யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அவருக்கு இருந்த ஒரே நிம்மதி ஞாயிற்றுக்கிழமை மதியம். வாஷிங் மெஷின் இருக்கும் சின்ன அறையில் கம்ப்யூட்டரைப் போட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத ஏழு பேரோடு சேர்ந்து இணைய விளையாட்டில் ஒரு பூதத்தை அடிப்பார். எட்டுப் பேர் குழுவுக்கு அவர்தான் தலைவர். பூதம் விழுந்தால், அதிர்ஷ்டம் இருந்தால், எரிமலைக் கவசத்தில் ஒரு துண்டு கிடைக்கும். மொத்தம் ஏழு துண்டு. அவருக்கு அது சேரப் பதினாலு மாதம் பிடித்தது. இடது கையுறை மட்டும் ஐந்து மாதம் இழுத்தடித்தது. காய்ச்சலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மைத்துனி மகளின் பிறந்தநாளுக்கு வயிற்றுவலி என்று புளுகிவிட்டு அடித்திருக்கிறார்.

அப்படிச் சேர்த்த கவசத்தை, விளையாட்டுக் கம்பெனிக்காரன் ஒரு நாள் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டான். ஏழு நாள் தொடர்ந்து விளையாட்டுக்குள் வந்து எட்டிப் பார்த்தால் போதும், முழுக் கவசமும் தபால் பெட்டிக்கு வந்துவிடும். அடிக்க வேண்டாம், சாக வேண்டாம். மெக்கானிக்குக்கும் வந்தது. "அந்தத் தபாலத் தொடக்கூட மாட்டேன்" என்று சபதம் போட்டார்.

அடுத்த ஞாயிறு குழுவில் ஒரு ஆள் வரவில்லை; அந்த இடத்துக்கு விளையாட்டுக்குள் சகலை வந்து நின்றார். மைத்துனியின் புருஷன், ரொட்டி வேன் ஓட்டுபவர். இவர் விளையாடுவதைப் பார்த்து ஆசைப்பட்டு, சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தலை முதல் கால் வரை எரிமலைக் கவசம்.

"எப்படிண்ணே? உங்கள மாதிரியே இருக்கேனா?"

மெக்கானிக் அந்த இடத்திலேயே ஒரு விதி போட்டார். சண்டைக்கு முன்னால் ஒவ்வொருவரும், தலைவரில் தொடங்கி, தன் கவசத்தின் விவரத்தைத் திறந்து எல்லோருக்கும் காட்ட வேண்டும். 'பூதத்தை வென்று பெற்றது' என்றிருந்தால் உள்ளே. 'வருகைப் பரிசு' என்றிருந்தால் வெளியே.

"போன வாரம் இந்த விதி இல்லையேண்ணே."

"இந்த வாரம் இருக்கு. விதின்னா விதி சகலை, கோவிச்சுக்காத."

சகலை வெளியேறினார். அன்று சாயங்காலம் மனைவி துணி எடுக்க வந்தவள் அங்கேயே நின்றாள்.

"என் தங்கச்சி போன் பண்ணினா. அவரு சாப்பிடவே இல்லையாம். இல்லாத சட்டைக்கு இவ்ளோ சண்டையாங்க?"

"உனக்குப் புரியாது."

"சட்டை புரியல. மனுஷன் மூஞ்சி வாடினது புரியுது."

அது மெக்கானிக்குக்கும் உறுத்தத்தான் செய்தது. வீட்டில் அவரை வாய்பிளந்து பார்க்க இருந்த ஒரே ஆள் சகலைதான். ஆனால் இறங்கிப்போக மனசு வரவில்லை. இரண்டு வாரம் போனது. சகலையிடமிருந்து போன் இல்லை.

மூன்றாவது சனிக்கிழமை, வேலை முடிந்து கை கழுவியும் கழுவாமலும் கம்ப்யூட்டரைத் திறந்தார். தபால் பெட்டியில் பதினோரு தபால். ஒவ்வொன்றாகத் திறக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? 'எல்லாவற்றையும் பெறு' என்றிருந்த பட்டனை அமுக்கினார். கீழே பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. அதற்கும் 'சரி' என்று ஒரு அமுக்கு.

மறுநாள் வழக்கம்போல் முதல் ஆளாகத் தன் கவசத்தைத் திறந்து காட்டினார்.

"தலைவரே," என்றார் குழுவில் இருந்த கணக்கு டீச்சர், "உங்களோடதுல வருகைப் பரிசுன்னு போட்டிருக்கே?"

தொடமாட்டேன் என்ற அந்தத் தபாலும் பதினொன்றில் ஒன்று. ஒருவருக்கு ஒரு கவசம்தான். புதியது வந்தால் பழையது அழிந்துவிடும். பொடி எழுத்தில் இருந்தது அதுதான்.

கம்பெனிக்குக் காரசாரமாக எழுதினார். பதில் உடனே வந்தது: "திரும்பத் தர இயலாது. வருந்துகிறோம். இந்த வாளைப் பரிசாக ஏற்றுக்கொள்ளவும்." அவர் போட்ட கூச்சலில் மனைவி ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டாள்.

"படிக்காம அமுக்கிட்டீங்களா?"

அவளை முறைக்கக்கூட முடியவில்லை. டீச்சர் தயங்கித் தயங்கி, "விதின்னு ஒண்ணு இருக்கே தலைவரே..." என்றார். தான் சேர்த்த குழுவிலிருந்து தானே வெளியே வந்தார். அவமானமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு வேறு வழியில்லாமல் சகலைக்கு போன் போட்டார். சகலை இதற்குள் பரிசுக் கவசக்காரர்களாகச் சேர்த்து சொந்தக் குழு ஒன்று வைத்திருந்தார்.

"உள்ள வாங்கண்ணே. ஒரு ஆள் குறையுது, இன்னிக்கு யாரத் தேடறதுன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"சகலை, அன்னிக்கு நான் பேசினது தப்பு. அப்புறம்... என் கவசத்துல வருகைப் பரிசுன்னுதான் இருக்கும். ஆனா அது என்ன ஆச்சுன்னா..."

"அட விடுங்கண்ணே. இங்க யாரும் அதெல்லாம் கேக்கறதில்ல."

முந்தின நாளிலிருந்தே மனசுக்குள் ஓட்டிப் பார்த்து வைத்திருந்தார்: பதினாலு மாதம், காய்ச்சல், போர்வை, ஐந்து மாதம் இழுத்த கையுறை. ஒருத்தராவது கேட்பார் என்று காத்திருந்தார். எல்லோரும் பூதத்தின் வாசலில் கூடினார்கள். எட்டுப் பேர், எட்டும் அச்சு அசல் ஒரே கவசம்.

"அண்ணே, இதுல நீங்க யாரு?" என்றார் சகலை.

மெக்கானிக் திரையைப் பார்த்தார். அவருக்கே ஒரு கணம் தெரியவில்லை.

"இரு, கையத் தூக்கறேன்" என்று சொல்லி இடது கையைத் தூக்கிக் காட்டினார்.