மரத்துக்குள் இருந்த தண்ணீர்

போன வாரம் என் மகள் கடையிலிருந்து ஒரு மாவுப் பாக்கெட்டை வாங்கிவந்து மேசையில் வைத்தாள். "அம்மா, இட்ஸ் அன் ஏன்ஷியன்ட் கிரெய்ன். ஃப்ரம் ஆஃப்ரிக்கா." பிரித்து முகர்ந்தேன். சோளம். எனக்கே சோளத்தை அறிமுகம் செய்கிறாளே என்று சிரிக்கத்தான் நினைத்தேன். ஆனால் அந்த வாசனை என்னை ஆலனில் நாங்கள் முதலில் குடியிருந்த மாடி அபார்ட்மெண்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

எண்பதுகளின் நடுவில் டெக்சாஸின் ஆலனை ஊர் என்று சொன்னால் ஊர்கள் கோபித்துக்கொள்ளும். ஃப்ரீவே, ஒரு கேஸ் ஸ்டேஷன், அப்புறம் கண்ணுக்கெட்டிய வரை சோளக்காடு. இங்கே அதற்கு மைலோ என்று பெயர். மாடும் கோழியும் தின்பதற்கு. கணவர் காலையில் காரை எடுத்துக்கொண்டு போனால் இருட்டிய பிறகுதான் வருவார். என் விசாவில் வேலை பார்க்கக் கூடாது. கார் ஓட்டவும் தெரியாது. "லைசென்ஸ் எடுத்து எங்க போகப் போற?" என்று அவர் கேட்டது கேலிக்கு இல்லை, நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. எனக்கும்தான். தாவரவியலில் எம்.எஸ்ஸி. வாங்கியவள், ஜன்னலோரம் உட்கார்ந்து கதிர் முற்றுவதை வேடிக்கை பார்த்தேன். சில நாள் மூச்சு முட்டும். பால்கனிக் கதவைத் திறந்தால் வெயில் திரும்ப உள்ளே தள்ளிவிடும்.

அப்போதுதான் கீழ்வீட்டுக்கு நவால் வந்தாள். சூடானின் மேற்கே கொர்டோஃபான் என்ற வறண்ட பகுதிக்காரி. கணவர் டாலஸில் ஆராய்ச்சி மாணவர்; அவளுக்கும் என்னுடையதைப் போன்ற விசாதான். நாங்கள் பேசியதெல்லாம் அரைகுறை இங்கிலீஷ், ஆனால் அவள் தமிழில் பேசியதாகத்தான் எனக்கு ஞாபகம். முதல் நாளே என் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இவ்ளோ சோளத்தையும் மாட்டுக்கா போடறாங்க?" என்று கேட்டாள். அதே ஆத்திரம் எனக்கும் இருந்ததால் உடனே சிநேகமாகிவிட்டோம்.

ஒருநாள் இருவரும் தீவனக் கடைக்கு நடந்தே போனோம். டெக்சாஸில் சாலையோரம் நடந்தால் பைத்தியம் அல்லது பரிதாபம். வழியெல்லாம் காரை நிறுத்தி, வண்டி ரிப்பேரா என்று விசாரித்தார்கள். கடைக்காரர் மைலோப் பையை எடுத்து வைத்துவிட்டு, எத்தனை கோழி வளர்க்கிறீர்கள் என்று கேட்டார். நவால் கொஞ்சமும் யோசிக்காமல், "ரெண்டு" என்றாள். சாயங்காலம் அந்த இரண்டு கோழிகளும் சட்டையை டக் செய்துகொண்டு, அவரவர் காரில் வீடு திரும்பின.

சோளத்தை ஊறவைத்து என் மிக்ஸியில் அரைத்தோம். ஏசி குளிரில் மாவு பொங்காது. இங்கே எல்லாத் தமிழ் வீட்டிலும் செய்வதுபோல ஓவனுக்குள் விளக்கைப் போட்டு, அவள் மாவையும் என் இட்லி மாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் அவள் கல்லில் ஊற்றி, காகிதம்போல் இழுத்து எடுத்தாள். கிஸ்ரா என்றாள். நான் சோள தோசை என்றேன். சோளம் அவர்கள் பக்கத்தில் பிறந்து கடல் தாண்டி நம்மிடம் வந்தது என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். வாயில் வைத்த பிறகுதான் நம்பினேன்.

அந்தப் புளிப்பு நாக்கில் பட்டால் அவள் தன் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள். அவர்கள் ஊரில் ஆறு கிடையாது, கிணறும் வெகுதூரம். பெருத்த மரங்களின் நடுவைக் குடைந்து, அதற்குள் மழைத்தண்ணீரைச் சேர்த்து வைப்பார்கள். ராமநாதபுரம் பக்கம் நாங்கள் ஆனைப்புளி என்று சொல்லும் அதே மரம்; அதன் நிழலில் பஸ்ஸுக்கு நின்றதோடு என் உறவு முடிந்தது. மழை பெய்யும்போது அடிமரத்தைச் சுற்றி வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். அது மண்ணுக்குள் போவதற்குள் ஒருவர் மரத்தில் ஏறிக்கொள்ள, கீழே இருப்பவர்கள் தோல்வாளியில் மொண்டு மொண்டு மேலே அனுப்ப வேண்டும். கோடை முழுக்க அதைக் குடித்து ஊரில் தங்கினால்தான் அடுத்த மழைக்கு விதைக்க ஆள் இருக்கும். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் அங்கே சோளம் விளைந்தது. ஒவ்வொரு மரத்துக்கும் பெயர் உண்டாம், சொத்துப் பிரிக்கும்போது அதையும் பிரிப்பார்களாம்.

குளிர் தொடங்கியபோது டி.வி.யில் அவர்கள் பக்கத்துப் பஞ்சம் வந்தது. எலும்பும் தோலுமாகக் குழந்தைகள். நவால் அவர்களைப் பார்க்க மாட்டாள். அவர்களுக்குப் பின்னால் ஏதாவது மரம் தெரிகிறதா என்று பார்ப்பாள். வெளியே அறுத்த காட்டில் சிந்திய மைலோவைக் காக்கைகள் பொறுக்கிக்கொண்டிருந்தன.

அவர்கள் தலைநகர் கார்ட்டூமிலிருந்து அவள் மாமா மகன் எப்போதாவது போன் செய்வான். மழை பொய்த்து ஊரில் பாதிப்பேர் கிளம்பிவிட்டார்கள். அம்மா மட்டும் நகர மறுக்கிறாள். "மரத்துல இன்னும் கொஞ்சம் இருக்கு, விட்டுட்டு வந்தா யாராவது மொண்டுடுவாங்கன்னு சொல்றாளாம்" என்று நவால் சொன்னாள். அந்தக் கொஞ்சம் தீர்வதற்குள் அம்மா கிளம்பியாக வேண்டும். தீர்ந்த பிறகு கிளம்பினால் வழியிலேயே செத்துப்போவாள். நவால் போய்க் கூட்டிவரலாம் என்றால், திரும்ப விசா கிடைக்குமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. "அம்மாவ மரம் கட்டிப்போட்டிருக்கு. என்னை ஒரு பேப்பர் கட்டிப்போட்டிருக்கு." எனக்கும் அதே பேப்பர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியோடு படியேறி வந்தாள். "திரும்பி உள்ள விடலைன்னா போகட்டும், சிஸ்டர்." பின்னால் நின்ற அவள் கணவர் முகம் செத்துப்போயிருந்தது, ஆனால் தடுக்கவில்லை. எங்கள் காரில்தான் ஏர்போர்ட்டுக்குப் போனோம். திரும்பும்போது எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. மறுவாரம் நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

அவளுக்கு விசா திரும்பக் கிடைக்கவில்லை. கணவர் படிப்பை முடித்துக்கொண்டு அங்கேயே போய்விட்டார். சோளக்காடு இருந்த இடத்தில் இன்றைக்கு வீடுகள், பார்க்கிங் லாட், நடுவில் இட்லி மாவு விற்கும் ஒரு இந்தியன் ஸ்டோர். அந்தத் தீவனக் கடை எந்தத் தெருவில் இருந்தது என்றே எனக்கு இப்போது பிடிபடவில்லை.

ஊருக்குப் போய்ச் சில மாதங்களுக்கு அப்புறம் அவள் ஒரே ஒருமுறை போன் செய்தாள். லாரி பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தபோது மரத்துக்குள் சேறுதான் மிச்சம். அம்மா அதைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தாளாம். கார்ட்டூம் ஓரத்தில் ஒரு தகரக் குடிசைக்குக் கூட்டிவந்துவிட்டாள். அம்மா உயிரோடு இருக்கிறாள், குழாய்த் தண்ணீரைத்தான் குடிக்க மாட்டேன் என்கிறாள், மர வாசனை இல்லையாம். நான் அழுதுவிட்டேன். லைனில் ஒரே இரைச்சல். நவால் கத்திச் சொன்னாள்:

"ஊர்ல இப்ப நல்ல மழை, சிஸ்டர். மரத்தச் சுத்திப் பள்ளமெல்லாம் ரொம்பி நிக்குதாம். மேல ஏத்தறதுக்குத்தான் ஒருத்தரும் இல்ல."